தனித்தனியாக வந்து சொல்லவும்: காலனியக் காவலர்களின் மனுக்களை வாசித்தல்

எடப்பாடியில் எங்கள் அம்மாயி வீட்டு அட்டாலியில் ஒரு தகரப்பெட்டி கிடந்தது. அப்பிச்சியின் பெட்டி. அவர் 1938-இல் போலீசில் சேர்ந்து, ஏட்டாகி, ஏட்டாகவே ரிட்டயர் ஆனவர். பெல்ட், விசில், காலில் சுற்றும் காக்கிப் பட்டி, இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கட்டுத் தாள். அத்தனையும் மனுக்களின் நகல்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் அடிப்பவரிடம் காசு கொடுத்து இங்கிலீஷில் எழுதி வாங்கியவை. ஒன்பது வருஷத்தில் ஐந்து மனு. ஐந்திலும் ஒரே விஷயம்தான்: தனக்குப் பின்னால் வந்தவருக்கு கிரேடு போட்டுவிட்டார்கள், தனக்குப் போடவில்லை, கருணை கூர்ந்து பரிசீலிக்க வேண்டும். எந்த ஸ்டேஷன், எந்த அதிகாரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

கல்லூரி நாட்களில் அவற்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாதம் பணிந்து, சிரம் தாழ்த்தி, தங்கள் நிழலில் ஒதுங்கி என்று ஒரு பக்கம் முழுக்க ஓடும். கோரிக்கை கடைசி இரண்டு வரியில் வந்து ஒளிந்துகொள்ளும். அப்பிச்சியிடம் கேட்டேன்.

"ஏனுங் அப்பிச்சி, இப்படி உங்க ஒருத்தருக்குத்தான் ஆச்சுங்களா?"

"எங்க பேட்ச்சுல பாதிப் பேருக்கு ஆச்சு கண்ணு."

"அப்ப எல்லாரும் சேந்து ஒரே மனுவாப் போட்டிருக்கலாமுங்களே?"

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "ஒருத்தன் போட்டா அது மனு. ரெண்டு பேரு சேந்து போட்டா அதுக்குப் பேரு வேற."

பேரு என்ன என்று அவர் சொல்லவில்லை. அதைச் சட்டப் புத்தகங்களில் நானே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. தேடிப் போன இடத்தில் கிடைத்த ஒரு வரலாற்று நூலைப் பற்றியும், அந்த நூல் கிடைத்த பிறகு நம் நாவல்களை வாசித்தபோது என்ன ஆயிற்று என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

நூல், டேவிட் ஆர்னால்டு எழுதிய 'போலீஸ் பவர் அண்ட் கலோனியல் ரூல்: மெட்ராஸ் 1859–1947'. 1986-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடு. அதற்கு முன்பே மதராஸ் கான்ஸ்டபிள்களின் ஆள்சேர்ப்பையும் அடிபணிவையும் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று 'சபால்டர்ன் ஸ்டடீஸ்' நான்காம் தொகுதியில் வந்திருந்தது. போலீசைப் பற்றிய எழுத்து வழக்கமாக இரண்டு வகை. ஒன்று, ரிட்டயர் ஆன அதிகாரி தன் வேட்டைக் கதைகளைச் சொல்வது. மற்றொன்று, அடி வாங்கியவர் தன் காயத்தைச் சொல்வது. ஆர்னால்டு இரண்டையும் விட்டுவிட்டு, போலீசை ஒரு வேலை செய்யும் இடமாகப் பார்க்கிறார். யார் சேர்கிறார்கள், என்ன சம்பளம், எத்தனை பேர் பாதியில் ஓடிப்போகிறார்கள், யாருக்கு உயர்வு, யாருக்கு அபராதம். ஒரு மில்லைப் பற்றி எழுதுவதுபோல ஒரு படையைப் பற்றி எழுதுகிறார். அதுதான் அந்த நூலின் பலம்.

ஆனால் கதை 1859-க்கு முன்பே, எங்கள் சேலம் சீமையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினி கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாக வந்த இளம் ராணுவ அதிகாரி தாமஸ் மன்றோ. ஏழு வருஷம் இந்தப் பக்கம்தான் குதிரையில் சுற்றினார். நிலவரியைக் குடியானவனிடம் நேரடியாக வாங்கும் முறையை இங்கே பழகிக்கொண்டவர், பின்னாளில் செல்வாக்கோடு திரும்பி வந்தபோது, 1816-ஆம் ஆண்டின் பதினோராவது ரெகுலேஷன் வழியாகப் போலீஸ் வேலையையும் அதே வருவாய்த்துறை ஆட்களின் தோளில் ஏற்றினார். மணியகாரர், தலையாரி, தாசில்தார், மேலே கலெக்டர். வரி வசூலிப்பவனே திருடனையும் பிடிப்பான். தனியாகச் சம்பளம் எதற்கு? சிக்கனமான ஏற்பாடு.

சிக்கனத்தின் விலை என்ன என்பது 1855-இல் தெரிந்தது. மதராஸ் மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட கமிஷன் அந்த ஆண்டு அறிக்கை கொடுத்தது. வெயிலில் குனிந்து நிற்க வைத்து முதுகில் கல் ஏற்றும் அண்ணந்தாள் முதல், கைவிரல்களை நெரிக்கும் கிட்டி வரை அதில் இருக்கிறது. அந்த அறிக்கையை நம்மில் பலர் சித்திரவதைப் பட்டியலாக மட்டுமே படித்திருக்கிறோம். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அதனூடே ஒரு சம்பளப் பட்டியலும் ஓடுவது கண்ணில் படும். இவ்வளவு குறைவாகக் கொடுத்தால் சேவகன் வேறு எங்கிருந்து சாப்பிடுவான் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு அந்த அறிக்கையை யாரும் முடிக்க முடியாது. கிட்டியைத் திருகியவனின் கையை நியாயப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் கைக்கு மாதம் என்ன கொடுத்தார்கள் என்று கேட்பதும் விசாரணையின் பகுதி என்கிறேன்.

அதன் பிறகு வந்ததுதான் 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம். வருவாயிலிருந்து போலீசைப் பிரித்தார்கள். வில்லியம் ராபின்சன் தலைமையில் புதிய படை. மாதிரி, அயர்லாந்தின் காவல் படை. அடங்காத ஒரு காலனியை அடக்குவதற்காகச் செய்த அச்சு அது. அந்த அச்சில் வார்த்த சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்காமலோ அனுமதி வாங்காமலோ வேலையை விட்டுப் போனால் போலீஸ்காரனுக்கு மூன்று மாதச் சம்பளம் அபராதம், அல்லது மூன்று மாதம் சிறை, அல்லது இரண்டும். 1861-இல் வந்த அகில இந்தியச் சட்டத்தின் 29-ஆவது பிரிவும் இதே அளவுகோல்தான். நம் ஊரில் பட்டறைக்காரனிடம் முன்பணம் வாங்கிய தறிக்காரன் தறியை விட்டுப் போக முடியாமல் கட்டுண்டு கிடப்பான். இங்கே முன்பணமும் இல்லை, கட்டு மட்டும் உண்டு.

ஆர்னால்டின் நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதை ஒட்டியது. கான்ஸ்டபிள்கள் இந்தச் சட்டத்துக்கு எப்படிப் பதில் சொன்னார்கள்? பேசிப் பதில் சொல்லவில்லை, போய்விட்டார்கள். ராஜினாமா செய்தார்கள், சொல்லாமல் ஓடினார்கள், விலக்கப்படும்படி நடந்துகொண்டார்கள். வருஷாந்திர நிர்வாக அறிக்கைகளில் அது ஒரு கட்டத்துக்குள் எண்ணாக நிற்கிறது. மேலதிகாரிகள் அந்த எண்ணைப் பார்த்து ஆட்களின் தரம் போதவில்லை என்று எழுதினார்கள். ஆர்னால்டு அதே எண்ணைச் சம்பளத்தைப் பற்றிய அபிப்பிராயமாகப் படிக்கிறார். 'கால் காசு என்றாலும் சர்க்கார் காசு' என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழியைப் போலீஸ் லைனில் யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

1902-இல் கர்சன் பிரபு ஒரு போலீஸ் கமிஷனை நியமித்தார். தலைவர் ஆண்ட்ரூ ஃப்ரேசர். அடுத்த ஆண்டே அறிக்கை தயார், 1905-இல் வெளியீடு. அரசாங்கம் தன் போலீசைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட மிகக் கடுமையான அறிக்கைகளில் ஒன்று அது. திறமையற்றது, லஞ்சம் மலிந்தது, மக்களை வதைப்பது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னது. மருந்தாகச் சொன்னவற்றில் ஒன்று, கான்ஸ்டபிளின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் எட்டு ரூபாய். அதாவது நாளொன்றுக்கு நாலணாவுக்குக் கொஞ்சம் மேலே. எந்தக் குடும்பஸ்தனும் வாழ முடிகிற கூலி வேண்டும் என்ற தர்க்கத்தில் தொடங்கி எட்டு ரூபாயில் வந்து நிற்கிறது அந்த வாதம். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். ரூபாயின் மதிப்பு பவுனுக்கு எதிராக விழுந்துகொண்டே போனதால் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு நஷ்டம் என்று குறை சொன்னார்கள். 1893-இல் ஐரோப்பிய உத்தியோகஸ்தர்களுக்கு நாணயமாற்று நஷ்ட ஈட்டுப் படி என்று ஒன்றை அரசாங்கம் கொடுத்தது. கான்ஸ்டபிளுக்கும் படி உண்டு. பஞ்சத்தில் தானிய விலை ஏறினால் தானியப் படி. விலை இறங்கினால் படியும் இறங்கிவிடும். லண்டன் விலைக்கு ஒரு நியாயம், சேலம் சந்தை விலைக்கு ஒரு நியாயம்.

ஃப்ரேசர் கமிஷன் செய்த பெரிய காரியம் சம்பளத்தில் இல்லை, ஏணியில் இருக்கிறது. படித்த, நல்ல குடும்பத்துப் பிள்ளைகளை நேரடியாக சப்-இன்ஸ்பெக்டராக எடுக்க வேண்டும் என்றது. ஸ்டேஷனின் தரம் உயரும் என்பது எண்ணம். உயர்ந்திருக்கலாம். ஆனால் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, ஏட்டாகி, ஸ்டேஷனுக்குப் பொறுப்பாளராகி, இன்ஸ்பெக்டர் வரை போன வழி அதோடு ஏறக்குறைய அடைபட்டது. கீழே இருந்தவனுக்கு ஏட்டு என்பதே உச்சி. அப்பிச்சியின் ஐந்து மனுவும் இந்த அடைபட்ட வழியில் நின்று போட்டவை. ஒரு சீர்திருத்தம் தன் அடிப்படியில் இருப்பவனுக்கு எப்படித் தோன்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மேல்தட்டிலும் ஏணி உடைந்துதான் இருந்தது, ஆனால் வேறு மாதிரி. 1893 முதல் உயர் போலீஸ் பணிக்கு லண்டனில் போட்டிப் பரீட்சை. அதில் இந்தியர்கள் உட்கார முடியாது. இந்தியர்களுக்காக ஃப்ரேசர் கமிஷன் ஒரு பதவியைப் புதிதாகச் செய்தது: டெபுடி சூப்பரின்டெண்டெண்ட். இன்றைக்கும் நம் சினிமாவில் விறைப்பாக வந்து இறங்கும் டிஎஸ்பி அப்படிப் பிறந்தவர்தான். வெள்ளைக்கார அசிஸ்டெண்ட் சூப்பரின்டெண்டெண்ட் செய்யும் அதே வேலை. பெயர் வேறு, பணிப் பிரிவு வேறு, சம்பளம் வேறு, போய்ச் சேருகிற இடம் வேறு. ஒரு மனக்குறையைத் தீர்ப்பதற்குப் பதிலாக அதற்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி.

இந்தக் குறைகள் போய் நின்ற இடம் 1912-இல் அமைந்த இஸ்லிங்டன் கமிஷன். கோகலே அதில் உறுப்பினர், அறிக்கை முடியுமுன் இறந்துவிட்டார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான ராம்சே மெக்டொனால்டும் உறுப்பினர். மதராஸ் ஹைகோர்ட் நீதிபதி அப்துர் ரஹீம் தனியாக மாற்றுக் குறிப்பு எழுதினார். எத்தனை இந்தியர்களை உள்ளே விடலாம் என்பதல்ல கேள்வி, வெளியிலிருந்து ஐரோப்பியர்களைக் கொண்டுவர வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி என்ற நிலையில் நின்று அவர் எழுதியது அது. 1917-இல் அறிக்கை வெளியானபோது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, யாருக்கும் படிக்க நேரமில்லை. பிறகு 1924-இல் லீ கமிஷன். ஐரோப்பிய அதிகாரிகள் மனமுடைந்து வேலையை விட்டுப் போகிறார்கள் என்ற கவலையில் பிறந்த கமிஷன் அது. விளைவு: கூடுதல் கடல்கடந்த படி, பணிக்காலத்தில் அதிகாரிக்கும் மனைவிக்கும் நான்கு முறை ஊருக்குப் போய்வரக் கப்பல் செலவு. இந்தியப் போலீஸ் பணியில் பாதி இடங்களை இந்தியர் அடைய இருபத்தைந்து வருஷம் என்று ஒரு கணக்கும் போட்டார்கள். 1924-உடன் இருபத்தைந்தைக் கூட்டினால் 1949 வருகிறது.

இதையெல்லாம் வரிசையாக வைத்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. அந்த அரசுக்குக் குறை கேட்கத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். மேலே இருப்பவர்கள் கூட்டாகச் சொன்னால் அது 'பணிகளின் மனநிலை'. ராயல் கமிஷன் கப்பலேறி வரும். கீழே இருப்பவன் தனியாகச் சொன்னால் அது மனு. ஆர்டர்லி ரூமில் தொப்பி போட்டு, சல்யூட் அடித்து, ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சொல்லலாம். கூட்டாகச் சொல்ல மட்டும் கீழே இருப்பவனுக்கு வழியில்லை.

இது காலனியின் தனிப்பட்ட குணமா? பாதிதான். 1918 ஆகஸ்டில் லண்டன் போலீசே வேலைநிறுத்தம் செய்தது. தலைநகரத்தின் காவலர்களில் பெரும்பாலோர் வெளியே வந்தார்கள், பிரதமர் லாயிட் ஜார்ஜ் தானே பேச வேண்டியதாயிற்று. டெஸ்பரோ கமிட்டி சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தியது. கூடவே 1919 சட்டம் தொழிற்சங்கத்தைத் தடை செய்து, அதற்குப் பதில் ஃபெடரேஷன் என்று ஓர் அமைப்பை அரசே உண்டாக்கிக் கொடுத்தது. அந்த ஆண்டு லிவர்பூலில் மறுபடி வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஒருவர் விடாமல் வேலை இழந்தார்கள். தண்டனையும் உண்டு, கூடிப் பேச ஒரு திண்ணையும் உண்டு. இந்தியாவுக்கு வந்தது முதல் பாதி மட்டும். 1921-இல் கராச்சி கிலாபத் மாநாடு சர்க்காரின் ராணுவத்தில் இருப்பது மார்க்கத்துக்கு விரோதம் என்று தீர்மானம் போட்டதும் அரசாங்கம் உஷாராகி, மறுவருஷமே போலீஸ்காரர்களிடம் அதிருப்தியைத் தூண்டுவதைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்திலும் ஒரு விலக்கு உண்டு: அரசு அங்கீகரித்த சங்கம், அரசு ஒப்புக்கொண்ட விதிகளுக்கு உட்பட்டு நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது. கதவைச் சட்டத்தில் வைத்துவிட்டுச் சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டது சர்க்கார். அப்பிச்சி சொல்லாமல் விட்ட பேரை இந்தச் சட்டத்தின் தலைப்பில்தான் நான் கண்டேன். அதிருப்தி.

1946-இல் அது வெடித்தது. பிப்ரவரியில் பம்பாய்க் கடற்படைக் கிளர்ச்சி நமக்குத் தெரியும், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதே ஏப்ரலில் நம் மாகாணத்திலேயே மலபார் ஸ்பெஷல் போலீஸ் வேலைநிறுத்தம் செய்ததை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியை அடக்க உருவான படை. மக்கள் மீது பாய்வதற்கென்றே பழக்கியது. அந்தப் படைதான் சம்பளத்துக்கும் சோற்றுக்குமாக உட்கார்ந்தது. பெருந்தொகையானவர்களைப் பணிநீக்கம் செய்து முடித்தார்கள். அதே மாதக் கடைசி நாள் பிரகாசத்தின் காங்கிரஸ் மந்திரிசபை பதவியேற்றது. சுதந்திரப் போராட்டத்தின் கணக்கில் கப்பல்காரனின் கலகம் வரவில் இருக்கிறது, போலீஸ்காரனின் கலகம் எந்தப் பக்கமும் இல்லை. நேற்றுவரை நம்மை அடித்தவன் என்பதால் இருக்கலாம். காரணம் புரிகிறது. ஆனாலும் அது ஒரு விடுபடல்தான்.

நம் இலக்கியம் இந்த ஆளை என்ன செய்தது?

தமிழின் முதல் துப்பறியும் கதைகளாகச் சொல்லப்படும் நடேச சாஸ்திரியின் 'தானவன்' 1894-இல் வந்தது. லண்டன் பரீட்சை தொடங்கி ஒரு வருஷம். போலீஸ் நிபுணன் ஒருவன் அற்புதக் குற்றங்களைக் கண்டுபிடிக்கிறான். மூளைதான் அங்கே கதாநாயகன், மாதச் சம்பளத்துக்கு அங்கே வேலையில்லை. கல்கியின் 'கள்வனின் காதலி'யில் வரும் சப்-இன்ஸ்பெக்டர் சர்வோத்தம சாஸ்திரியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நல்ல மனசு, நகைச்சுவை, முத்தையனை வேட்டையாடும்போதே அவன் மேல் இரக்கம். ஃப்ரேசர் கமிஷன் கனவு கண்ட படித்த சப்-இன்ஸ்பெக்டரைக் கல்கி எழுத்தில் உயிரோடு நடமாட விட்டுவிட்டார் என்று தோன்றும். ஆனால் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் போலீஸ்காரர்கள்? கொள்ளிடத்து நாணல் காட்டுக்குள் யார் முதலில் இறங்க வேண்டியிருந்தது? அவர்கள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகிறார்கள். திருடனுக்கு ஒரு கடந்த காலம் உண்டு, அதிகாரிக்கு ஒரு மனசாட்சி உண்டு, கான்ஸ்டபிளுக்கு ஒரு தொப்பி உண்டு.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' இந்த வகையில் மிகப் பெரிய நூல். மதுரைப் பக்கத்துக் கள்ளர் காவலை இங்கிலீஷ் போலீஸ் எப்படி இடம்பெயர்த்தது என்பதை நம் மொழியில் இதைவிட விரிவாகச் சொன்ன நாவல் இல்லை. ஊர்க்காவலுக்கு ஊர் கொடுத்த கூலியை அது கணக்கோடு பார்க்கிறது. ஆனால் சர்க்கார் போலீஸ் உள்ளே வந்ததும் அது ஒரு இயந்திரமாகத்தான் வருகிறது. எதிர்த்து நிற்கிறவர்களின் கண்ணால் பார்க்கும் நாவலுக்கு அது நியாயமே. குறை என்று நான் சொல்ல மாட்டேன், ஓர் எல்லை என்பேன். ஜெயமோகனின் 'வெள்ளை யானை'யில் எய்டன் என்ற அயர்லாந்துக்கார அதிகாரி வருகிறான். தானும் அடிமைத் தேசத்தவன் என்ற உறுத்தலோடு ஆதிக்கத்தின் உடுப்பைப் போட்டிருப்பவன். அந்த உறுத்தல் நிஜமானது. மதராஸ் போலீசின் அச்சே அயர்லாந்திலிருந்து வந்தது என்பதை நினைத்தால் இன்னும் கனக்கும். ஆனால் உறுத்தலுக்கும் ஒரு ரேங்க் தேவைப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆர்வெல்லின் 'பர்மிய நாட்க'ளிலும் இதே கதைதான். 1922 முதல் ஐந்து வருஷம் பர்மா போலீசில் இருந்தவர் அவர். அந்த நாவலில் ஐரோப்பியர் கிளப்பில் ஓர் இடம் பிடிக்க யூ போ கியின் என்ற மாஜிஸ்திரேட் செய்யும் சூழ்ச்சிகளில் அந்தஸ்துக் குறையின் முழு உளவியலும் இருக்கிறது. குற்ற உணர்வு, பேராசை, அவமானம் எல்லாம் குறைந்தது டெபுடி அந்தஸ்துக்கு மேல்தான். கீழே இருப்பவர்கள் லத்தி பிடிக்கிறார்கள்.

சினிமா இதில் கொஞ்சம் முந்திக்கொண்டது. 'டாணாக்காரன்' பயிற்சிப் பள்ளி மைதானத்தையே களமாக எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரன் விட்டுப்போன டிரில் இன்னும் யாருக்காக நடக்கிறது என்று கேட்டது. ஜெயமோகனின் 'துணைவன்' கதையை அடியொற்றி எடுத்த 'விடுதலை'யில் குமரேசன் செய்த தப்பு, அடிபட்ட ஒரு கிழவியை ஜீப்பில் ஏற்றியது. மன்னிப்புக் கேள் என்கிறார் அதிகாரி. தப்பே செய்யவில்லையே என்று நிற்கிறான். முகாமில் உள்ள மற்றவர்கள் அவனைப் பார்க்கிறார்கள், ஒருவரும் கூடச் சேர்வதில்லை. திரையரங்கில் அந்த இடத்தில் எனக்கு அப்பிச்சியின் ஞாபகம்தான் வந்தது.

ஆர்னால்டிடம் எனக்கு உள்ள மனத்தாங்கலும் இங்கேதான். அவருடைய ஆதாரங்கள் பெரும்பாலும் நிர்வாக அறிக்கைகளும் அரசாணைகளும். அவற்றை எதிர்த்திசையில் வாசிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் மேலே போன காகிதம் மட்டுமே ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். மேலே போவதற்காக எழுதிய காகிதம் பணிந்துதான் பேசும். அந்தப் பணிவை ஒரு மொழி உத்தியாகப் படிப்பதா, மனநிலையாகப் படிப்பதா என்ற இடத்தில் அவர் கான்ஸ்டபிளின் அடிபணிவைச் சற்று அதிகமாகவே நம்பிவிடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். பாதம் பணிந்து எழுதிய அப்பிச்சி வீட்டில் அந்த அதிகாரியைப் பற்றிப் பேசிய தமிழை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. இன்னொன்று, போலீஸ்காரனின் வீடு அந்த நூலில் பின்னணியிலேயே நின்றுவிடுகிறது. எட்டு ரூபாயோ பதினெட்டு ரூபாயோ, அதை வைத்துச் சமைத்தவள் யார்?

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தக் கதை முடிந்த பாடில்லை. 1966-இல் போலீஸ் படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1922-இன் சட்டமும் ஏட்டில் இருந்தது. தரம்வீரா தலைமையிலான தேசிய போலீஸ் கமிஷன் 1979-இல் கொடுத்த முதல் அறிக்கையே கான்ஸ்டபிள்களின் சம்பளம், வீடு, உயர்வு, குறை கேட்கும் முறை பற்றியது. தமிழ்நாட்டில் ஆர்டர்லி முறையை ஒழித்து அதே 1979-இல் உத்தரவு போட்டார்கள். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை நிஜமாகவே ஒழியுங்கள் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பத்து மூன்று வருஷம் அந்த உத்தரவு யாருடைய துணியைத் துவைத்துக்கொண்டிருந்ததோ.

தகரப்பெட்டிக்கு வருகிறேன். அந்த மனு நகல்களைப் பல வருஷம் நான் ஒரு பக்கம் மட்டும்தான் பார்த்திருந்தேன். அம்மாயி இறந்து, வீட்டை ஒழிக்கும்போது தற்செயலாகத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் கணக்கு. அம்மாயியின் கையெழுத்து. அப்பிச்சி ஊர் ஊராக மாற்றலில் போய்க்கொண்டிருக்க, அம்மாயி பிள்ளைகளோடு எடப்பாடியிலேயே இருந்து, தெருவில் இருந்த தறிக்காரர்களுக்கு ராட்டையில் தார் சுற்றிக் கொடுத்திருக்கிறது. போலீஸ்காரன் வேறு தொழில் செய்யக் கூடாது என்பது சட்டம். பொண்டாட்டி தார் சுற்றுவது சட்டத்தில் வராது, ஆனால் கௌரவத்தில் வரும். அதனால் இருட்டிய பிறகு பெரியம்மா போய் நூல் வாங்கி வரும், விடிவதற்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். அம்மா இதை எனக்குச் சொன்னதே அந்தக் காகிதத்தைக் காட்டிய பிறகுதான்.

மூன்றாவது மனுவின் முதுகில், பால், சீமெண்ணெய், ராகி, பள்ளிக்கூடத்துச் சம்பளம் என்று வரிசையாக எழுதி, அதற்குக் கீழே இரண்டு வரி. 'அவுங்க அனுப்பினது' என்று ஒரு தொகை. 'தார்' என்று ஒரு தொகை. எட்டு மாதக் கணக்கு அந்தத் தாளில் இருக்கிறது. அதில் ஐந்து மாதம் தார்தான் பெரிய தொகை. மனு டைப் அடிக்க முக்கால் ரூபாய் என்று ஒரு செலவும் இருக்கிறது. அது தார்ப் பணத்திலிருந்துதான் போயிருக்கிறது.